மனசுக் கண்ணீர்

"அழு, வியோரிகா. சீக்கிரம் அழு," என்று அதட்டினார் ஹோரியா. அவர் கையிலிருந்த மெல்லிய கண்ணாடிக் குழாய் மனைவியின் கண்ணோரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவளும் முயன்று பார்த்தாள். முகம் கோணியதே தவிர, கண் நனையவில்லை. சற்று முன் போட்டுக் காட்டிய சோகப் படமும் பலிக்கவில்லை.

ஹோரியா, யாஷ் நகரத்தில் கண் ஆராய்ச்சிப் பேராசிரியர். துக்கத்தில் வரும் கண்ணீரில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்பதுதான் அவருடைய ஆய்வு. அவற்றை எடைபோட்டு இனம் பிரிக்கும் இயந்திரமோ ஊருக்கே ஒன்றுதான். எல்லா ஆய்வுக்கூடங்களும் முறை வைத்துப் பயன்படுத்த வேண்டும்.

இன்று அவருடைய முறை. கண்ணீர் தருவதாக ஒப்புக்கொண்ட பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் மனைவியை வரச் சொல்லியிருந்தார்.

இயந்திரத்தை இயக்கும் கவ்ரில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "புரொபசர், கல்லீரல் ஆராய்ச்சிக்காரங்க வாசல்லயே நிக்கிறாங்க. உங்க சாம்பிள் வரலைன்னா அவங்களோடதை ஏத்திடுவேன். அப்புறம் ஈஸ்டர் முடிஞ்சுதான் உங்களுக்கு."

"கொஞ்சம் பொறுப்பா. இவ கண்ணுல தண்ணி வர்றதுக்குள்ள எனக்கு வந்துடும்போல இருக்கு."

"ஒரு வெங்காயத்தை நறுக்கிக் காட்டினா?"

"வெங்காயக் கண்ணீர் வேற, மனசுக் கண்ணீர் வேற. உன் மெஷினே காட்டிக் குடுத்துடும்."

கவ்ரில் பரிதாபமாக வியோரிகாவைப் பார்த்தான். "மேடம், ஒரு காபி கொண்டு வரட்டுமா?"

"அவளுக்கு வேணாம்," என்றார் ஹோரியா. "பெத்த அம்மா செத்தப்பவே இவ அழலை, தெரியுமா? சர்ச்சுல நின்ன அத்தனை பேரும் முணுமுணுத்தாங்க. என் மானம் போச்சு."

வியோரிகா இன்னும் கழற்றாத கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கவ்ரில் போனதும் ஹோரியா கதவைச் சாத்தினார். குழாயை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டுக்கொண்டார். குரல் தணிந்திருந்தது.

"வியோரிகா, இதை வேற ஒரு நாள் சொல்லலாம்னு இருந்தேன். நான் உன்னை விட்டுப் போறேன்."

அவள் நிமிர்ந்தாள். "என்ன சொல்றீங்க?"

"க்ளூஜ் நகரத்துல ஒருத்தி இருக்கா. ரொம்ப நாளாவே பழக்கம். இனிமே அவகூடவே இருந்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். வக்கீல்கிட்டயும் பேசியாச்சு."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

"திரும்பி வரவே மாட்டீங்களா?"

"மாட்டேன்."

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தோள் குலுங்க, மூச்சுத் திணற, அப்படியொரு அழுகை.

"துடைக்காதே! கையை எடு!" ஹோரியா பாய்ந்து குழாயை எடுத்துக் கண்ணோரத்தில் வைத்தார். ஒரு கையால் அவள் தாடையை அசையாமல் பிடித்துக்கொண்டார். குழாய் நிறைந்ததும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினார்.

கண்ணீர் மாதிரி இயந்திரத்தில் ஏறியது. கல்லீரல்காரர்கள் முனகிக்கொண்டே கலைந்தார்கள். "இவ்வளவு கண்ணீரா! எப்படி புரொபசர்?" என்று கேட்டுக்கொண்டே, ஒரு டம்ளர் தண்ணீருடன் அவர் பின்னாலேயே வந்தான் கவ்ரில்.

"அதெல்லாம் தொழில் ரகசியம்," என்று சிரித்தபடி கதவைத் திறந்தார் ஹோரியா.

வியோரிகா ஜன்னலோரம் நின்று, கொட்டும் பனியைப் பார்த்தபடி இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

"போதும் போதும், நிறுத்து. க்ளூஜும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. அத்தனையும் பொய்."

அவள் திரும்பினாள். "பொய்யா?"

"பின்னே? உன்னை அழ வைக்க வேற வழி தெரியலை. இந்த வயசுல உன்னை விட்டு எங்க போவேன்? சாகுற வரைக்கும் உன்கூடத்தான்." அவள் தோளைச் சுற்றிக் கை போட்டு இறுக்கினார். "பாத்தியா கவ்ரில்? என்மேல இவ்வளவு பாசம் வெச்சிருக்கான்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

கண்ணீர் சட்டென்று நின்றுவிட்டது. தோள்மேல் கிடந்த அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தாள் வியோரிகா.

"நான் சந்தோஷத்துல அழுதேங்க."