தகட்டின் மேல் சந்தனம்

பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தாள். சந்தனம் கல்லாக இறுகியிருந்தது.

வேனின் முன்கதவைத் திறந்தால் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே ஒரு சின்னத் தகடு. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அப்பா அதில் சந்தனம் அப்புவார். ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு. சக்கரத்துக்கு ஒரு பொட்டு. தகட்டுக்கு மட்டும் ஒரு கை நிறைய.

கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர். அவருக்கும் இப்படி ஒரு பக்தியா என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

அடுத்த மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்துக்கு இந்த வேனில்தான் போவேன் என்று மகள் ஒரே பிடி. தன்னைப் பெற்றவர்களின் கல்யாணப் படத்தில் பின்னால் நிற்கிற வேன் இது. தகப்பனை அவள் அந்தப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

பெயின்டர் அந்தோணி படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மஞ்சளில் நூறு மஞ்சள் இருக்கிறது, வெளுத்த படத்தை வைத்து எதைக் கலப்பது? தகட்டில் கம்பெனிக்காரன் எண் அடித்திருப்பான், முதல் எண் பெயின்ட், இரண்டாவது உட்புறம், அதைப் படித்துச் சொல்லுங்கள் என்றார்.

எண் தெரிந்தது. பழைய வேன் பிரியர்கள் குழுவில் கிடைத்த அட்டவணையைப் போனில் விரித்தாள்.

பெயின்ட்: கறுப்பு.

தப்பாகப் படித்துவிட்டாள் போலிருக்கிறது. இன்னொரு முறை தேய்த்தாள்.

கறுப்புதான்.

கம்பெனியிலிருந்து வரும்போதே மஞ்சள் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். தகடு பொய் சொல்லுமா? வேறு வண்டியின் தகட்டை எடுத்து மாட்டிவிட்டார்களா?

அந்தோணி கதவோரத்தில் உப்புத்தாளைத் தேய்த்தார்.

மஞ்சள். அதன் அடியில் இன்னொரு மஞ்சள்.

அதன் அடியில் கறுப்பு.

இரண்டாவது எண்ணைத் தேடினாள். ஓட்டுநர் பகுதியில் மட்டும் இருக்கை. பின்புறம் தரையில், பெட்டி நகர்த்த உருளைகள்.

என்ன பெட்டி?

ரொட்டிப் பெட்டியா, சோடாப் பெட்டியா? மனம் எதையெதையோ பிடித்துப் பார்த்தது. பின்னால் தரையில் அடைத்த துளைகள் இரண்டு வரிசை உண்டு. சின்ன வயதில் அவற்றைத் தடவிக்கொண்டே தூங்கிப்போவாள்.

ஓர் ஆள் நீளத்துக்கு இருக்கும்.

குழுவில் கேட்டாள். உடனே பதில் வந்தது. சவ வண்டி. மிக அபூர்வம், விற்பதாக இருந்தால் சொல்லுங்கள்.

வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஊரில் பாதிப் பெண்கள் இதில்தான் மண்டபத்துக்குப் போனார்கள். ராசியான வண்டி என்று பெயர். அவர்களெல்லாம் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

அவளும் இதில்தான் போனாள். மகள் நடக்கத் தொடங்கும் முன்பே கணவர் லாரியில் அடிபட்டுப் போனார்.

ராசி, சகுனம் எதையும் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் படியிலிருந்து எழுந்து தள்ளி நின்றாள்.

சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. யார் மேல் கோபம்? யாரும் தொடாத வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கி, மஞ்சள் பூசி, வாயை மூடிக்கொண்டவர் மேலா? அந்த வண்டியை ஓட்டித்தான் அவளைப் படிக்க வைத்தார்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது.

கணவரின் காரியம் முடிந்த மறுநாள் அப்பா வேனை ஷெட்டில் ஏற்றிப் பூட்டினார். இன்ஜின் போய்விட்டது என்றார். அதன்பிறகு ஒரு கல்யாணத்துக்கும் தரவில்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் திறந்து, சந்தனம் வைத்துவிட்டு மறுபடி பூட்டுவார். போன வாரம் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, இன்ஜினுக்கு ஒரு கேடும் இல்லை என்றான்.

பேத்திக்கு இந்த வேன் என்றதும் அப்பா பதறினார். வெயில் காலம், ஏசி கார் வைத்துக்கொள்ளலாம் அம்மிணி என்று நாலு தரம் சொன்னார். அவள்தான் காதில் வாங்கவில்லை.

மருமகனைத் தான்தான் கொன்றதாகவா இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார்?

கைத்தடிச் சத்தம்.

அப்பா ஷெட் வாசலில் நின்றார். தகடு பளிச்சென்று இருந்தது. அவர் பார்வை அதில் விழுந்து அங்கேயே நின்றது. முகம் சிறுத்துப்போனது.

அட்டவணை விரிந்திருந்த போனை அவள் அணைத்தாள்.

"நம்பரெல்லாம் பாத்துட்டனுங்கப்பா. வர்றப்பவே மஞ்சளாத்தான் வந்துருக்குது."

அந்தோணி உப்புத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்பா வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் இருந்தன.

ஆயுத பூஜைக்கு இன்னும் மாதக்கணக்கில் இருந்தது.

அவளே கிண்ணத்தை வாங்கி, ஒரு கை நிறைய அள்ளி, எண்கள் மறையும்வரை அப்பினாள்.

குங்குமம் வைக்க அவருக்கு வழிவிட்டு நகர்ந்தாள்.

அப்பா சிமிழைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார்.