மூச்சு மட்டும் விடுகிற ஆள்

விசிலை உதட்டில் கவ்விக்கொண்டு டார்லீன் போனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

இன்றைக்கு விடுவதாக இல்லை.

மூன்று வாரமாக இதே கூத்து. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், ஆள் இல்லாதபோது வருகிற போனை எடுத்துப் பேச்சைப் பதிந்துவைக்கும் ஆன்சரிங் மெஷினில் சிவப்பு விளக்கு கண்ணடித்துக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தினால் பேச்சு வராது. மூச்சு வரும். அப்புறம் 'டொக்'.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் படுத்தால், மறுநாள் மாலைக்குள் அதே அளவு மூச்சு டேப்பில் சேர்ந்துவிடும். அவள் வீட்டில் இருக்கிற நேரத்தில் மட்டும் அந்த ஆள் கூப்பிட்டதே இல்லை.

நேற்று ஒரு பெருமூச்சு வேறு.

விஷயம் தெரிந்ததும் ஷீபாய்கனில் இருக்கும் அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள். "போதும், நீ மில்வாக்கியில தனியா இருந்து கிழிச்சது. ஞாயித்துக்கிழமை உங்கண்ணன் வண்டி எடுத்துட்டு வர்றான். எல்லாத்தையும் மூட்டை கட்டி வை."

ஒரு வருடம் அலைந்து பிடித்த வீடு. சொந்தச் சாவி. சமையலறைச் சுவரில் அவளே அடித்த மஞ்சள் பெயின்ட். எவனோ மூச்சு விடுகிறான் என்பதற்காக இதையெல்லாம் விட்டுவிட்டு, மறுபடி அம்மா வீட்டு மாடி அறைக்கா?

இத்தனைக்கும் அவள் ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள். தனியாக இருக்கிற பெண், மெஷின் எடுத்ததும் பேசுகிற பதிவில் தன் குரலை வைக்கவே கூடாது என்று கடையில் எல்லோரும் சொன்னார்கள். ஆண் குரல் வேண்டும். 'நான்' கூடாது, 'நாங்கள்' வேண்டும்.

வால்ட்டரைப் பிடித்தாள்.

கட்டிடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். மனைவி லொரெய்னோடு நேர் கீழ்வீட்டில் இருக்கிறார். கரடி மாதிரி உருவம், கரடி மாதிரி குரல். பேசுவதும் கரடி பேசுகிற அளவுதான்.

பேச வேண்டியதை அட்டையில் எழுதிக் கொடுத்தாள். முதலில் அவர் படித்தது ஜப்தி நோட்டீஸ் மாதிரி இருந்தது.

"சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க வால்ட்டர். ரொம்ப நாள் கழிச்சுக் கூப்பிட்ட சிநேகிதர்கிட்ட பேசற மாதிரி."

வியர்த்து விறுவிறுத்து, கடைசியில் ஒருமாதிரி வந்தது. நன்றாகவே வந்தது.

அந்தக் குரலுக்கும் பயப்படாதவன் எப்படிப்பட்டவனாக இருப்பான்?

விசில், போலீஸ்காரர் கொடுத்த யோசனை. "எடுத்ததும் ஓங்கி ஊதும்மா. அப்புறம் அவன் ஆயுசுக்கும் போனைத் தொட மாட்டான்."

கடையில் காய்ச்சல் என்று சொல்லியாயிற்று. காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்தியாயிற்று. மேலே வந்தபோது ஷூவைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

போன் அடித்தது.

டார்லீன் அசையவில்லை. நாலாவது மணியில் மெஷின் விழித்துக்கொண்டது. வால்ட்டரின் குரல் அறை முழுக்கப் பரவியது.

"ஹலோ! நீங்க கூப்பிட்டது எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். இப்ப நாங்க போன் பக்கத்துல இல்ல. பேரைச் சொல்லுங்க, கட்டாயம் கூப்பிடறோம். உடம்பைப் பார்த்துக்குங்க."

பீப்.

மூச்சு.

ரிசீவரைப் பாய்ந்து எடுத்தாள். நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து ஊதினாள்.

"ஐயோ!"

பெண் குரல்.

அதே அலறல், அதே நொடியில், தரைக்கு அடியிலிருந்தும் கேட்டது.

டார்லீன் படிகளில் வெறுங்காலோடு ஓடினாள். கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. ரிசீவர் சுருள் கம்பியில் தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தது. லொரெய்ன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"காது போச்சேடி! வேலைக்குப் போன மாதிரி போயிட்டு வீட்டுக்குள்ளயே உக்காந்திருப்பியா?"

"நீங்களா? தினமும் மூச்சு விட்டது நீங்களா?"

"மூச்சு விடாம எப்படிக் கேட்கறது?"

"என்னத்தைக் கேட்டீங்க?"

அலறல் கேட்டுக் கொதிகலன் அறையிலிருந்து ஓடி வந்த வால்ட்டர், கையில் ஸ்பேனரோடு வாசலில் நின்றார். லொரெய்ன் அவரைக் கைகாட்டினாள்.

"இதோ, இந்த மனுஷனைத்தான். உன் பாத்ரூம் தண்ணி எங்க தலையில சொட்டுதுன்னு சொல்லத்தான் முதல் தடவை கூப்பிட்டேன். இவரு வந்து 'ரொம்ப சந்தோஷம்'ங்கிறாரு. 'உடம்பைப் பார்த்துக்குங்க'ங்கிறாரு! கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். 'கதவைச் சாத்து'ன்னு ஒண்ணு, 'டிவியைக் குறை'ன்னு ஒண்ணு. அதுக்கு மேல இந்த வாயில நான் எதுவும் கேட்டதில்ல. சரி, இன்னொரு தடவை கேட்போமேன்னு..."

சொல்லி முடிக்காமல் காதைத் தேய்த்துக்கொண்டாள்.

"அதுக்கு நீங்களே ஒரு மெஷின் வாங்கி வெச்சுக்கலாமே?"

"வெச்சா? நான் வீட்லயே கிடக்கிறவ. என் போன்லேர்ந்து என் நம்பரையே கூப்பிட முடியுமா? அப்புறம் கூப்பிடறதுக்கு இந்தப் பனியில தெருமுனை பூத்துக்கு ஓடணும்."

டார்லீனுக்குச் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது. அண்ணனை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம். மஞ்சள் சுவர் தப்பித்தது.

வால்ட்டர் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு காதும் சிவந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்பேனர் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறியது. கத்தப் போகிறார் என்றுதான் டார்லீன் நினைத்தாள்.

அவர் ஸ்பேனரை மேஜைமேல் வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"டார்லீன், அந்த டேப்புல இன்னொரு தடவை பேசிடலாமா?"

"ஏன் வால்ட்டர், நல்லாத்தானே இருக்கு?"

"அன்னிக்கு எனக்குத் தொண்டை சரியில்ல."

பதிலுக்குக் காத்திராமல் முன்னால் படியேறினார்.

பாதி வழியில் நின்று, பின்பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்து, வகிடு எடுத்து நிதானமாகத் தலைவாரிக்கொண்டார்.