பூட்டிய சமையலறை

தணிகாசலத்தின் கையில் பதித்த சில்லு, அவருடைய சர்க்கரை அளவை மகள் வாசுகியின் கைக்கடிகாரத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அன்று காலை அலுவலகத்தில் அவள் பார்த்தபோது முந்நூற்று அறுபது. உடனே வீட்டுக்குப் பேசினாள்.

"மறுபடியும் என்னப்பா சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. நேத்துலேர்ந்து காய்ச்சல். கஞ்சிகூட இறங்கல."

"சாப்பிடாம எப்படி ஏறும்?"

போன மாதம் அவர் ஜிலேபியை ஒளித்துவைத்துத் தின்றது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. இருந்த இடத்திலிருந்தே கைக்கடிகாரத்தைத் தட்டிச் சமையலறைக் கதவைப் பூட்டினாள். குடிதண்ணீரும் உள்ளேதான் இருக்கிறது என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

மதியம் அளவு நானூற்றைத் தாண்டியது. அவள் கூப்பிட்டபோது அவர் போனை எடுக்கவில்லை. ஓடிவந்து பார்த்தபோது பூட்டிய கதவருகே தரையில் துவண்டு கிடந்தார்.

மருத்துவமனையில் நர்ஸ் ஊசி போட்டபடி சொன்னார்: "காய்ச்சல் வந்தா, சாப்பிடலேன்னாலும் சர்க்கரை ஏறும். இன்சுலின நிறுத்தாம, தண்ணி குடுத்துக்கிட்டே இருக்கணும். உடம்பு இவ்வளவு வறண்டிருக்கே, ஏன் தண்ணி குடிக்கல?"

வெடித்த உதடுகளை நனைத்துக்கொண்டு தணிகாசலம் முந்திக்கொண்டார். "எனக்குத் தாகமே எடுக்கலம்மா."

வாசுகிக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நான்தாங்க கதவைப் பூட்டிட்டேன்" என்றாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நர்ஸ் தண்ணீர் டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார். அப்பா மடமடவென்று குடித்தார். டம்ளரைப் பிடித்திருந்த வாசுகியால் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.