நெற்றி நிறைய

“பாத்தியா அண்ணி! கடேசில எங்கண்ணனுக்கும் சாமி வேணும்னு ஆயிடுச்சி!”

ரங்கம்மாள் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். சொல்லாமல் இருப்பாளா? நாற்பது வருஷமாகக் கறுப்புச் சட்டையைத் தவிர வேறு போடாத அண்ணன், கோயில் இருக்கிற திசையில் தலை வைத்துக்கூடப் படுக்காத அண்ணன், கட்டிலில் கிடந்தபடி, “அமிர்தம், நெத்திக்குத் துந்நூறு வச்சி வுடு” என்று கேட்டுவிட்டாரே!

அமிர்தம் ஒரு கணம் புருஷன் முகத்தையே பார்த்தாள். எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். அவளுடைய சாமி மாடம் அங்கேதான் இருந்தது. கூடத்தில் வேண்டாம் என்று கல்யாணமான புதிதிலேயே செல்லமுத்து சொல்லியிருந்தார்.

உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்து, நெற்றி நிறையப் பூசினாள்.

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மகள் கொளஞ்சியம்மாள் நம்ப முடியாமல் எழுந்து நின்றுவிட்டாள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தலுக்கு நடந்தே வந்திருந்தாள். இடஒதுக்கீடு கேட்டு மறியல். ரோடெல்லாம் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது. அப்பாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வண்டியும் கிடையாது. அந்தக் கவலையிலும் காலையில் அவளைச் சிரிக்கவைத்தவர் அப்பாதான்.

“மரம் குறுக்க கெடக்குதுன்ற. எமன் எருமைய எப்பிடிம்மா ஓட்டிக்கினு வருவான்? எறங்கி நடந்துதான் வரணும்.”

அப்படிச் சொன்ன வாயா இப்போது திருநீறு கேட்டது?

அத்தை சேதி சொல்லத் தெருவுக்கும், அம்மா மாட்டுக்கொட்டாய்க்கும் போன நேரம் பார்த்து, அவர் காதருகே குனிந்தாள்.

“அப்பா, பயமா இருக்குதா?”

“இன்னா பயம்? தூங்கறாப்புலதான்.”

“அப்ப எதுக்குத் துந்நூறு? சாமி இல்ல, சாமி இல்லன்னு சொல்லியே வளத்த. நானும் எதையும் கும்புடல. நாளைக்கு நீ இல்லன்னா நான் எத்தப் புடிச்சிக்கினு நிப்பேன்?”

செல்லமுத்து மூச்சு வாங்கிவாங்கிப் பேசினார்.

“எனக்கு இன்னாடி, மண்ணுக்குப் போறவன். இருக்கப் போறவ உங்கம்மா. வெறும் நெத்தியோட அனுப்பிச்சிட்டமேன்னு அவளுக்குச் சோறு எறங்காது. காலமெல்லாம் நான் சொன்னதத்தான் கேட்டா. ஒருநாளு அவளுக்காக நான் வச்சிக்கினா கொறஞ்சா போயிடுவேன்? அவகிட்ட சொல்லிக்கில்லி வச்சிடாத.”

“சரி, எனக்கு?”

“நீ நல்லா அழுவு. அடக்காத. அழுதுக்கினே இருக்க முடியாது, மாடு தண்ணிக்குக் கத்தும். அது உன்ன எழுப்பி வுட்டுடும்.”

மறுநாள் காலையில் உயிர் பிரிந்தது.

வெளியூர்ச் சனம் வர வழியில்லை. சங்கு ஊதுகிறவரும் வந்து சேரவில்லை. உள்ளூர்க்காரர்களே தூக்கிப்போய்ப் புதைத்தார்கள்.

“எப்பேர்ப்பட்ட கறுப்புச் சட்டையா இருந்தா இன்னா? சாவுன்னா எல்லாருக்கும் நெத்தி துந்நூறத் தேடுதுப்பா!” என்று யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். கொளஞ்சியம்மாளுக்குச் சுருக்கென்று தைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு.

எல்லாரும் போன பிறகு சுவரில் சாய்ந்து அழுதாள். எவ்வளவு நேரமோ தெரியாது. கொட்டாயில் மாடு கத்தியது.

எழுந்துபோய்த் தண்ணீர் காட்டினாள். வந்து கஞ்சி கரைத்து அம்மாவிடம் நீட்டினாள்.

“ஒருவாய் குடிம்மா. நீ ஆசப்பட்டாப்புல துந்நூறோடதான போனாரு.”

அமிர்தம் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“உங்கத்தகிட்ட சொல்லிடாத கொளஞ்சி. நாப்பது வருசம் வேணாம்னு நின்ன மனுசன், கடேசில பயந்துபோயி கேட்டுட்டாரு. அதுக்காவ அவரு கொள்கைய நான் கெடுக்கறதா? மாடத்துல இருந்தத நான் தொடவே இல்ல. அடுப்புச் சாம்பலத்தாண்டி பூசி அனுப்பிச்சேன்.”