துருவன் கண்டுபிடித்த பொட்டலம்

போலீஸ் மோப்ப நாய் துருவன் அந்தத் தெருவுக்கு இரண்டாவது முறையாகச் சோதனைக்கு வந்திருந்தது. பூட்டிய வீட்டு வாசலில் கிடந்த செவலை என்ற பெண் நாய், அதைப் பார்த்ததும் எழுந்து வந்தது.

"போன மாசம் எங்க சவரிமுத்து அண்ணனைப் பிடிச்சுக் கொடுத்தது நீதானே?"

"ஆமா. அவர் இடுப்பிலே கஞ்சாப் பொட்டலம் இருந்துச்சு." துருவனின் குரலில் பெருமை இருந்தது. அன்றைக்கு எல்லோரும் அதைத் தட்டிக்கொடுத்திருந்தார்கள்.

"கல்குவாரியிலே விழுந்து அவருக்கு முதுகு போச்சு. அந்தப் புகை இல்லாட்டி வலியிலே படுக்கவே முடியாது. யாருக்கெல்லாம் வித்தேன்னு கேட்டு அடிச்சாங்களாம். அவர் யாருக்கும் விக்கலை. அண்ணி ஜெயிலுக்கும் கோர்ட்டுக்கும் அலைஞ்சு வேலையும் போச்சு. பிள்ளைங்களை ஹாஸ்டல்ல விட்டுட்டாங்க."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. வாசனை வந்தா உட்காரணும்னுதான் பழக்கியிருக்காங்க."

"உன்னைத் திட்ட வரலை," என்றது செவலை. "உனக்குத்தான் மூக்கு நல்லா வேலை செய்யுதே. ஜெயில் பக்கம் போனா, அவர் எப்படி இருக்கார்னு மோந்து பார்த்துச் சொல்லேன்."

துருவனுக்கு அவரைப் பிடித்த நாள் ஞாபகம் வந்தது. அன்று ஜீப்பில் சவரிமுத்து அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். விலங்கு மாட்டிய கையால் அதன் தலையைத் தடவி, "எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்கா. இந்நேரம் என்னைத் தேடுவா," என்றார். அதற்குத் துருவன் வாலை ஆட்டியது.

அதைச் சொல்ல வாய் வராமல், செவலையின் முகத்தையும் பார்க்க முடியாமல், துருவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.