வாய்க்கொழுப்பு

"நல்லது தம்பி. யோசிச்சுச் சொல்றோம்."

சந்தைப் பெரியவர் பாத்தியோனோ காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். பேரம் படியாத ஆளைச் சிரித்த முகத்தோடு கடையை விட்டு அனுப்புகிற வார்த்தை அது. மருத்துவ மாணவன் ஓந்தோவுக்கு அது புரிய மதியமாகிவிட்டது.

ஓந்தோ காபோன் நாட்டுக்காரன். இந்த நாட்டுத் தலைநகர் வாகடூகுவில் டாக்டருக்குப் படிக்கிறான். விடுமுறையில் சம்பளமில்லாமல் தடுப்பூசி போட குருன்சி ஜனங்களின் இந்தக் கிராமத்துக்கு வந்திருந்தான். பக்கத்து ஊரில் மூளைக்காய்ச்சல் பிள்ளைகளை வாரிக்கொண்டிருந்தது. இங்கே மருந்துப் பெட்டியில் பனிக்கட்டி கரைந்துகொண்டிருந்தது. இருட்டுவதற்குள் போட்டு முடிக்காவிட்டால் மருந்து வீண். அடுத்த பெட்டி வருவதற்குள் காய்ச்சல் வந்துவிடும்.

ஆனால் ஊசி குத்தினால் பெண்களுக்குக் கரு தங்காது என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். வேண்டாம் என்று ஊர் கூடி முடிவெடுத்துவிட்டது. ஓந்தோ கைகட்டி நின்று, கிருமியின் குலம் கோத்திரம் வரை விளக்கினான். பெரியவர் பொறுமையாகத் தலையாட்டினார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். யோசிச்சுச் சொல்றோம் என்றார்.

அப்போதுதான், வழியில் டயர் பஞ்சராகிப் பின்தங்கியிருந்த ரஸ்மாத்தா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். அவனோடு படிப்பவள். மதிப்பெண்ணில் சுமார், வாயில் முதல் வகுப்பு.

பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ எந்த ஜனம் புள்ள?"

"பிசா."

"அதானே பார்த்தேன், கடலைதின்னி ஜனம். நீ வர்றதுக்கு முன்னாடியே வேர்க்கடலை நாத்தம் வந்துடுச்சு."

ஓந்தோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரஸ்மாத்தா இடுப்பில் கை வைத்தாள்.

"யோவ் பெருசு, ஒரு பிடி வேர்க்கடலைக்கு எங்க பாட்டன்கிட்ட விலை போன ஆளுங்க நீங்க. அதிலும் மீதிக் கடலையைத் திருப்பிக் கொடுன்னு எங்க பாட்டன் கேட்டானாம்."

"ரஸ்மாத்தா, வேண்டாம்," என்று ஓந்தோ அவள் கையைப் பிடித்தான். அவள் உதறினாள்.

"கடலைத் தோலை உரிக்கத் தெரியாதவ எல்லாம் டாக்டரா?" என்றார் பெரியவர், சந்தை முழுக்கக் கேட்கும்படி. "உன்கிட்ட என் ஆட்டைக்கூட விடமாட்டேன்."

"ஆட்டை விட்டுட்டு நீ வா. ஆட்டுக்காவது மூளை இருக்கு, காய்ச்சல் வந்தா பயப்படலாம். உனக்கு என்ன பயம்?"

உரலில் தினை குத்திக்கொண்டிருந்த பெண்கள் உலக்கையைப் போட்டுவிட்டு வந்தார்கள். சோளக் கள் குடித்துக்கொண்டிருந்தவர்கள் சுரைக்குடுவையோடு வந்தார்கள். காலையிலிருந்து தலை காட்டாத ஊர், இப்போது வட்டம் கட்டி நின்றது. ஓந்தோ மோட்டார் சைக்கிளின் சாவி எங்கே என்று கண்ணால் தேடினான்.

"நீ செத்தா நான் வருவேன் பெருசு," என்றாள் ரஸ்மாத்தா. "உன் சட்டையைப் போட்டுக்கிட்டு, உன்னை மாதிரி நொண்டி நடந்து காட்டுவேன். உன் குழியில நானே படுத்துக்குவேன். கொழுத்த கோழியா ஒண்ணு கொடுத்தாத்தான் எழுந்திருப்பேன்."

முடிந்தது கதை என்று ஓந்தோ கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் குரல் தணிந்தது. "ஆனா பிள்ளைங்க சாவுல எங்களால கூத்தடிக்க முடியாது. பக்கத்து ஊருல போன வாரம் பிள்ளைங்க சாவுக்குப் போய், வாயை மூடிக்கிட்டுத் திரும்பி வந்தோம். இந்த ஊருலயும் அப்படி நிற்க நான் வரல. கேட்கிறது பிசாக்காரி. எல்லாப் பிள்ளையும் எனக்கு வரிசையில நிக்கணும். முதல்ல நீ கையை நீட்டு."

பெரியவர் எழுந்தார். ஓந்தோ அவள் முன்னால் போய் நின்றுகொண்டான். அடி விழுந்தால் தன்மேல் விழட்டும் என்று.

பெரியவர் அவனை மெல்ல ஒதுக்கிவிட்டு, சட்டைக் கையை மடித்தார்.

"குத்து. கடலை திங்கிற கைக்கு வலு இருக்கான்னு பார்ப்போம்."

அவள் குத்தினாள். அவர் முகம் சுளித்தார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. அப்புறம் ஒரு பெண் முதுகுத் துணியை அவிழ்த்துக் குழந்தையை முன்னால் கொண்டுவந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. வரிசை கிணற்றைத் தாண்டிப் போயிற்று. ஊசி எடுத்துக் கொடுத்தே ஓந்தோவின் விரல் மரத்துவிட்டது. வெளிச்சம் மங்கும்போது பெட்டியில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. ஊரில் ஒரு பிள்ளை பாக்கி இல்லை.

பெட்டியைக் கட்டும்போது ஓந்தோ பெரியவரிடம் போய்த் தலைகுனிந்து நின்றான்.

"ஐயா, அவ பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. அவ சார்பில நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மன்னிப்பா? பிசாவும் குருன்சியும் கேலி முறை தம்பி. அவங்க திட்டினாலும், சாவு வீட்டுல கூத்தடிச்சாலும் நாங்க கோபப்படக் கூடாது, கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாது. பாட்டன் காலத்துக் கட்டு."

"அப்ப, அவ இந்தக் குழுவுல இருந்தது எங்க அதிர்ஷ்டம்."

"என்ன அதிர்ஷ்டம்?" பெரியவர் சுற்றிலும் பார்த்துவிட்டு அவன் காதருகே குனிந்தார். "ஊசி போட்டுக்கோங்கன்னு நான் சொன்னா என் பெண்டாட்டியே கேட்கல. அதான், வாய்க்கொழுப்பு உள்ள பிசாப் பொண்ணு ஒருத்தியை அனுப்புங்கன்னு உங்களை அனுப்பின பெரிய டாக்டருக்கு நானே போன் போட்டுக் கெஞ்சினேன்."