சத்தம் போடாத பொய்லர்

‘ஜனவரி 14. வீட்டைச் சூடாக்கும் புதுப் பொய்லர் பூட்டும்போது நான் மாலை வகுப்பில் இருந்தது பிழை’ என்று லக்ஷிகா குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றாமல் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தாள். நிலவறையிலிருந்து அப்பா பாக்கியராசா கூப்பிட்டார்.

“பிள்ளை, நீ தேடித்தேடி எடுத்த பொய்லர் வேலை செய்யேல்லை! பழசு என்ன மாதிரி உறுமும்? உதில ஒரு சத்தமும் இல்லை. தண்ணியும் ஒழுகுது. நாளைக்கு உன்ர அக்கா பச்சைப்பிள்ளையோட வாறாள், வெளியில மைனஸ் இருபது!”

லக்ஷிகா பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள். அத்தனை பொய்லர்களை ஒப்பிட்டுப் பார்த்தும் பிழை விட்டுவிட்டேனா? படியிறங்கியவள் அப்பாவைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

“அப்பா, உங்கட சுவெற்றர் எங்கே?”

“புழுங்கிச்சுது, கழட்டிப்போட்டன்.” சொன்ன பிறகுதான், வெறும் பெனியனோடு நின்ற தன்னையே அவர் குனிந்து பார்த்தார்.

“உது ஒழுகேல்லை அப்பா. புகையில இருக்கிற சூட்டையும் உறிஞ்சி எடுக்குது. சூடு போன நீராவிதான் தண்ணியா வருது.”

அவர் புகைக்குழாயைத் தொட்டுப் பார்த்தார். வெறும் இளஞ்சூடு.

“புகையையும் விட்டுவைக்கேல்லையோ!” கோயிலுக்குள் நிற்பவரைப்போல அவர் குரல் தாழ்ந்தது.

லக்ஷிகா மேலே வந்து எழுதினாள்: ‘நாளை அக்கா வருமுன் பிள்ளைக்குத் தொட்டிலைப் பூட்டவேண்டும்.’